துண்டோடு முடியாத கதை

1

பொங்கல் விழாவைக் கெடுத்தவன் என்று இந்த ஊர்த் தமிழர்கள் மத்தியில் எனக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. எட்மண்டன் பெரிய ஊர்தான். ஆனால் இங்கிருக்கும் தமிழர்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அடங்கிவிடுகிற கூட்டம். ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அடுத்தவர் வீட்டில் சேதி தெரிந்துவிடும். அந்தச் சேதி கடல் தாண்டி மன்னார்குடிக்கு வந்து சேரவும் அதிக நாள் ஆகாது. கண், காது, மூக்கு வைத்து வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் நடந்தது இவ்வளவுதான். ஊரிலிருந்து வந்திருந்த விருந்தாளி ஒருவர் மேடையேறித் தன் கல்லூரி நாட்களைப் பற்றி ஒரு தமாஷ் சொன்னார். மண்டபமே சிரித்தது. அந்தத் தமாஷ் என் அப்பாவைப் பற்றியது. நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி சொல்வாள். இந்தக் குறிப்புகளை ஆறப்போட்டு எழுதச் சொன்னாள். ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை.

2

இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு நான் ஆராய்ச்சி மாணவனாக வந்தேன். வந்த புதிதில் என்னைத் திணறடித்தது குளிர் அல்ல, பெயர். பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மாள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். அது இல்லாமல் மாணவர் அட்டை தர முடியாது, அட்டை இல்லாமல் நூலகத்துக்குள் போக முடியாது, அறையும் கிடைக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்படியானால் அப்பா பெயரைப் போடுங்கள் என்றேன்.

அன்றிலிருந்து நான் மிஸ்டர் வைரக்கண்ணு. வங்கியில், ஆஸ்பத்திரியில், வரி அலுவலகத்தில், எல்லா இடத்திலும் மிஸ்டர் வைரக்கண்ணு. வாயில் நுழையாத பெயரை அவர்கள் கடித்துத் துப்பினாலும் முன்னால் ஒரு மிஸ்டர் போடத் தவறியதில்லை. ஊரில் முதியவர் முதல் முளைத்து மூன்று இலை விடாதவன் வரை 'டேய் வைரக்கண்ணு' என்று கூப்பிட்ட பெயர் அது. முதல் தடவை ஒரு மருத்துவமனையில் தாதி வந்து, "மிஸ்டர் வைரக்கண்ணு, உள்ளே வருகிறீர்களா?" என்று கேட்டபோது, அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். தமிழர்கள் மட்டும் என்னைப் பெருமாள் சார் என்பார்கள். கலியபெருமாள் என்ற முழுப் பெயர் பாஸ்போர்ட்டோடு சரி.

படிப்பு முடிந்து அதே பல்கலைக்கழகத்தில் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. கோதுமை வயல்களிலிருந்து பொட்டலம் பொட்டலமாக மண் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு டப்பா, ஒரு தனி அலமாரி. ஒரு பிடி மண்ணுக்கு இங்கே கிடைக்கிற கவனிப்பு அதை உழுதவனுக்கு எங்கள் பக்கம் கிடைத்ததில்லை.

என் மகள் மலர் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறாள். மாணவர் விடுதி வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான், ஆனாலும் அங்கேதான் இருப்பேன் என்று போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வருவாள். அவள் சிநேகிதர்கள் அவளை 'வீரா' என்று கூப்பிடுகிறார்கள். வைரக்கண்ணு என்பதைச் சுருக்கினால் அப்படித்தான் வருமாம். தமிழ் பேசுவாள், ஆனால் உயிருள்ளது உயிரில்லாதது எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். "பஸ் வந்தாங்க, புரொபசர் வந்துச்சு" என்பாள். தாத்தாவைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா வயலில் வேலை செய்தார் என்பதுதான். இங்கே வயலில் வேலை செய்பவன் என்றால் ஆளுயர டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ரேடியோ கேட்பவன்.

இந்தப் பெயர் விவகாரத்தை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. அன்று மண்டபத்தில் என் மகள் தலையை நிமிர்த்தியது இந்தப் பெயரைக் கேட்டுத்தான்.

3

நான் பி.எஸ்சி. படித்தது தஞ்சாவூரில். பல்கலைக்கழகம் என்பது சென்னையில் இருந்தது. அதன் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை, மதிப்பெண் பட்டியலில் குத்தியிருக்கும் முத்திரையைத்தான் பார்த்தோம்.

ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். தஞ்சாவூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடை. அமைச்சர் வருகிறார் என்றால் மதிய வகுப்பு காலி. திடலில் போய் மண்ணில் உட்கார்ந்து அடுக்குமொழிக்குக் கைதட்டிவிட்டு, பெரிய கோயில் மதிலோரமாக நடந்து, ஆஸ்பத்திரி ரோடு டீக்கடையில் ஒரு டீயை மூன்று பேர் பங்குபோட்டுக் குடிப்போம். சமத்துவம் வந்துவிட்டது, இன்னும் விடுதி வாசல்படி ஏறவில்லை, நாளைக்கு ஏறிவிடும் என்று நானும் நம்பினேன். நன்றாகத்தான் கைதட்டியிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளும் அதே கரைவேட்டியைக் கட்டிக்கொண்டு அதே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டம் பேசிய வாய்க்கு மாலை போட்டதும் அவர்கள் அப்பாக்கள்தான். மாலை போட்டுவிட்டு ஊருக்கு வந்து மாட்டுக்காரன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் பட்டாவை மாற்றிக்கொண்டார்கள். கொடி மாறியது. களத்துமேட்டில் கூலி நெல் அளக்கிற கை மாறவில்லை.

எனக்கு அரசு உபகாரச் சம்பளம். அதற்குச் சான்றிதழ் வாங்க கர்ணம், மணியக்காரர், தாசில்தார் ஆபீஸ் என்று ஒரு கோடை விடுமுறை முழுக்க நடந்திருக்கிறேன். மணியக்காரர் எங்கள் ஊர் மிராசுதாருக்கு உறவு. "ஒங்க அப்பன் யாருன்னு எனக்குத் தெரியாதாடா? தெரிஞ்சதுக்கு எதுக்குடா சர்டிபிகேட்டு?" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். எங்கள் பிள்ளைகளுக்கென்று இருந்த நலத்துறை விடுதி நிரம்பிவிட்டதால், மிச்சமான எங்களில் ஐந்து பேரைக் கல்லூரி விடுதியில் போட்டார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீளமான மேஜைகள். யாரும் எங்கேயும் உட்காரலாம் என்பது விதி. நாங்கள் ஐந்து பேரும் கதவோர மேஜையில் உட்காருவது வழக்கம். விதியை வார்டன் போட்டார். வழக்கத்தை யார் போட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் கதவோர மேஜையில் இடமில்லை. நடு மேஜையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் துரைராஜ், எங்கள் ஊர் மிராசுதாரின் மகன். என் அப்பா அவர்கள் வீட்டுப் பண்ணையாள். துரைராஜ் என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், சாப்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் கதவோரத்தில் இடம் இருந்தது. நான் நடு மேஜையிலேயே உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும்.

4

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, திருத்துறைப்பூண்டி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. புது ரக நெல் வந்த நேரம் அது. என் அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் நாற்று நட்டு, ஆண்கள் உரம் போட்டு, மருந்தடித்து, குறுவைப் போகத்தில் விளைச்சல் கூடியிருந்தது. வண்டி வண்டியாக மூட்டை போயிற்று, கூலி மட்டும் பழைய படியிலேயே நின்றது. அறுப்புக் கூலியில் கூடுதலாக ஒரு படி நெல் வேண்டும் என்று எங்கள் தெரு கேட்டது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செங்கொடியை வாய்க்கால் கரையில் நட்டார்கள். மிராசுதார் ஆட்கள் கொடிக்கம்பத்தை வெட்டினார்கள். எங்கள் தெருவார் மறுபடி நட்டார்கள்.

என் அப்பா வைரக்கண்ணு கொடி பிடித்து முன்னால் போகிற ஆள் அல்ல. அதிகம் பேசவும் மாட்டார். மிராசுதார் வீட்டு வாசலுக்குப் போனால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். எங்கள் தெரு ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பெரிய வீட்டு மனிதர்கள் முன்னால் தோளில் துண்டு கிடக்கக் கூடாது. யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து ஊறிப்போனது. துண்டைத் தோளில் போடு என்று தஞ்சாவூர் மேடைகளில் பேசிய பேச்சை எல்லாம் நான் ஊருக்கு வரும்போது அப்பாவிடம் சொல்வேன். "போட்டுக்கலாண்டா, அவசரம் என்ன?" என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

5

விழாவுக்கு வருகிறேன்.

பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்த ஒரு சனிக்கிழமை மதியம். மண்டபத்துக்கு வெளியே கழற்றிப் போட்ட பூட்ஸுகள், உள்ளே பட்டு வேட்டிகள். சர்க்கரைப் பொங்கல் மின்சாரப் பானையில் வெந்துகொண்டிருந்தது. மலர் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வரமாட்டேன் என்றவளை நான்தான் கெஞ்சி அழைத்து வந்தேன்.

நிகழ்ச்சியில் 'மாணவப் பருவம்' என்று ஒரு பகுதி. ஆளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். இங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவர் சுந்தரம் ஒலிவாங்கியைப் பிடித்து, சிறப்பு விருந்தினர் தன் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார், தஞ்சை மாவட்டத்தில் சொந்தமாகக் கல்லூரியே நடத்துகிற கல்வியாளர் என்று அறிமுகப்படுத்தினார். பெயரைச் சொன்னதும் எட்டி மேடையைப் பார்த்தேன். துரைராஜ். தலை நரைத்து, உடம்பு பருத்து, தங்கச் சட்டகக் கண்ணாடியோடு மேடையில் நின்றார். குரல் மட்டும் மாறவில்லை.

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"நம்ம ஹாஸ்டல்ல ஒரு வசதி உண்டுங்க. வீட்லேருந்து அரிசி குடுத்தா மெஸ் பில்லுல கழிச்சுக்குவாங்க. எங்க வீட்டு மூட்டை டிராக்டர்ல வந்து எறங்கும். எங்க பண்ணையாளு ஒருத்தன், வைரக்கண்ணுன்னு பேரு. அவன் மவனும் எங்ககூடத்தான் படிச்சான், கவர்மெண்டு செலவுல. அந்தப் பய என்னடான்னா, எனக்கு எதிர்லயே வந்து உக்காந்து சாப்புட ஆரம்பிச்சுட்டான். சரி, ஒரு வேலை பண்ணுவோம்னு அப்பாகிட்ட சொன்னேன், இந்தத் தடவை மூட்டைய வைரக்கண்ணு தலையில ஏத்தி அனுப்புங்கன்னு."

இங்கேயே இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வந்தான். பஸ் ஸ்டாண்டுலேருந்து தலைச்சுமையா வந்து, சாப்பாட்டு நேரத்துல மெஸ்ஸுக்குள்ள மூட்டைய எறக்கிட்டு நிமுந்தான் பாருங்க, மேஜை பூரா வெள்ளச் சட்டை! வெலவெலத்துப் போய்ட்டான். தலையில சும்மாடா வச்சிருந்த துண்ட உருவி, மடமடன்னு இடுப்புல கட்டிக்கிட்டு, 'கும்புடுறேன் சின்னய்யா'ன்னு கையத் தூக்கினான். நான் சொன்னேன், 'டேய் வைரக்கண்ணு, எதுத்தாப்புல ஒரு ஐயா உக்காந்திருக்காரு பாரு, அவரையும் கும்புடு'ன்னு. திரும்புனா, அவன் மவன்! கும்புட்ட கைய எறக்கவும் முடியல, பெத்த புள்ளையக் கும்புடவும் முடியல. அந்த முழிய நீங்க பாக்கணுமே!"

கைகளைக் கூப்பி, பாதியில் நிறுத்தி, கண்ணை உருட்டி நடித்தும் காட்டினார். மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னோடு வாராவாரம் காய்கறி வாங்கப் போகிறவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள், மனித உரிமை பற்றி இந்த ஊர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், எல்லோரும்தான் சிரித்தார்கள்.

மலர் என் கையைத் தொட்டாள். "அப்பா, அவர் நம்ம பேரு சொன்னார்."

"ஆமாம்."

"அது தாத்தாவா?"

"ஆமாம்."

"துண்டு கட்டினா எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?"

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. குளித்துவிட்டு வந்தால் எல்லோரும் கட்டுவதுதானே என்று நினைத்திருப்பாள். ஆனால் சிரிப்பு புரிந்துவிட்டது, அவள் முகத்தில் தெரிந்தது. தாத்தா என்றால் இனி அவளுக்கு நினைவில் இருக்கப்போவது கைகூப்பிக்கொண்டு முழித்த ஒரு ஆள். மேடையில் அந்த மனிதர் நடித்துக் காட்டிய முழிதான் என் அப்பாவின் முகமாக அவள் மனதில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாதிக் கதையோடு அவள் வீடு திரும்பக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சங்கமும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம்.

எழுந்து மேடைக்குப் போனேன்.

6

"வணக்கம் துரைராஜ்," என்றேன். ஊரில் அந்தப் பெயரை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நான் கலியபெருமாள். வைரக்கண்ணு மகன்."

ஒரு நொடிதான் தடுமாறினார். உடனே கைகளை விரித்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "அட, கலியா! நீயாடா! இவன் நம்ம வீட்டுப் புள்ளைங்க! எங்க வந்து எப்படி இருக்கான் பாருங்க!" மண்டபம் பெருமகிழ்ச்சியோடு கைதட்டியது. பிரிந்தவர்கள் கூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். நம்ம வீட்டுப் பிள்ளையாம். அந்த வீட்டில் நான் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. கைதட்டல் அடங்கும்வரை நின்று, ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டேன்.

"கதை பாதியில நிக்குது. மிச்சத்தையும் சொல்லிட்டு எறங்குங்க," என்றேன்.

"மிச்சமா? என்ன மிச்சம்? அவ்ளோதான்டா."

"கும்புட்ட கைய எங்கப்பா எறக்குனாரா இல்லையா?"

"அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம்? சும்மா தமாஷுக்குச் சொன்னது."

சுந்தரம் என் காதருகே வந்தார். "பொங்கலும் அதுவுமா வேண்டாம் சார். விருந்தாளி." ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. மலரைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்குப் புரிகிற தமிழில், மெதுவாக.

அன்று நான் சோற்றில் கை வைத்திருந்தேன். துரைராஜ் சொன்னதைக் கேட்டு அப்பா என் பக்கம் திரும்பினார். நான் எழுந்துவிட்டேன். அப்பாவின் கை உடனே கீழே இறங்கியது. முழிக்கவில்லை. என்னைப் பார்த்து, "உக்காரு. சோத்துல கைய வச்சுட்டு எந்திரிக்காத," என்றார். நான் உட்கார்ந்தேன்.

பிறகு துரைராஜ் பக்கம் திரும்பிப் பேசினார். அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒங்க வீட்டுக்கு நான் தூக்குற கடைசி மூட்டை இதான் சின்னய்யா. குறுவை அறுப்புக்கு நாளைக்கு எங்க தெருவுலேருந்து ஒரு ஆளு வராது. கூட ஒரு படி இல்லாம அருவாளத் தொடறதில்லன்னு நேத்தே பேசி முடிச்சாச்சு. ஒங்கப்பாகிட்ட நாங்க சொன்னா காதுல விழ மாட்டேங்குது. நீங்க படிச்சவங்க, எடுத்துச் சொல்லுங்க."

கதவோர மேஜையில் யாரோ ஒருவன் தட்டில் கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் வெளியே போனார். துண்டு இடுப்பிலேயேதான் இருந்தது. அது பழக்கம். அங்கே இருக்கிறது என்றே அவருக்கு நினைவிருந்திருக்காது. இதில் சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொங்கல் பானைப் பக்கம் நகர்ந்தார்.

துரைராஜுக்கு முகம் கறுத்துவிட்டது. "நன்றி கெட்டுப் பேசாத கலியா. அன்னிக்கு எங்கப்பா ஒன்ன ஹாஸ்டல விட்டுத் தூக்கச் சொல்லி வார்டன்கிட்ட ஆளு அனுப்புனாரு. நான்தான்டா தடுத்தேன்."

"நீங்க தடுக்கல," என்றேன். "வார்டன் என்னைக் கூப்பிட்டுப் பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புன்னு சொன்னது நெசம். கதவோர மேஜைப் பசங்க நாலு பேரும் அவங்கவங்க பெட்டிய எடுத்துக்கிட்டு வந்து வார்டன் ரூம் வாசல்ல நின்னாங்க. அவன் போனா நாங்களும் போறோம்னாங்க. அஞ்சு பேரும் போனா கவர்மெண்டுக்குப் பதில் சொல்லணுமேன்னு வார்டன் பயந்தாரு. நீங்க அப்ப அறுப்பு பாக்க ஊருக்குப் போயிருந்தீங்க."

ஒலிவாங்கியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் சுந்தரம் போன் செய்தார். பெரிய மனிதர், வயதில் மூத்தவர் இல்லாவிட்டாலும் விருந்தாளி, ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஜாதியை எல்லாம் ஊரிலேயே விட்டுவிட்டுத்தானே வந்தோம், இங்கேயும் எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று கேட்டார். அதை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து மேடையில் நடித்துக் காட்டியவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்கிறார். விட்டுவிட்டு வந்தது உண்மையானால் நேற்று நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள், எந்த இடத்தில் சிரித்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார். அடுத்த ஆண்டுச் சங்க அழைப்பு எங்கள் வீட்டுக்கு வராது என்று நினைக்கிறேன். வந்தாலும் கிழித்துப் போடுவேன்.

7

எழுத நினைத்தது இதெல்லாம் அல்ல, அன்று வீடு திரும்பிய வழி. என் மனைவி பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வேறு வண்டியில் வருவதாகச் சொல்லிவிட்டாள். நானும் மலரும் மட்டும் கிளம்பினோம். மலர்தான் ஓட்டினாள். வழியெல்லாம் பனி வாரும் வண்டிகள் முன்னால் ஊர்ந்தன. பல்கலைக்கழகப் பாலம் கண்ணில் பட்டது.

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டாள்.

"நீ கேக்கல."

"நீங்க சொன்னாத்தானே எனக்குக் கேக்கத் தெரியும்?"

அதுவும் சரிதான். கோபத்தில் இருந்தேன், அதனால் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் மறுபடி கேட்டாள். "அப்புறம் அறுப்பு நடந்துச்சா?"

பாதி நடந்தது என்றேன். மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். வாய்க்கால் கரையில் போலீஸ் வேன் நின்றது. கரைவேட்டி கட்டியவர்களின் ஆட்சிதான், மேடையில் உழைப்பவனுக்கே நிலம் என்று பேசிய அதே ஆட்சிதான், அந்த வேனையும் அனுப்பியது. எங்கள் தெருவில் பதினைந்து இருபது பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவும் அதில் ஒருவர். மிச்சப் பாதி வயல் அறுபடாமல் நின்றது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்தப் புது ரகம் நனைந்தால் தாங்காது, கதிரிலேயே முளை விட்டுவிடும். மண் ஆராய்ச்சி படிக்காதவனுக்கும் எங்கள் பக்கம் அது தெரியும்.

"நல்லா வேணும் அவங்களுக்கு," என்றாள் மலர். சுத்தமான தமிழில் சொன்னாள். அவள் குரலில் என் கோபத்தைக் கேட்டேன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன் அம்மா, என்றேன். ஊருக்குப் போய் அந்த வயலைப் பார்த்தேன். படுத்துப்போன கதிரெல்லாம் பச்சைப் பசேலென்று முளைத்து நாற்றங்கால் மாதிரி கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தச் சேதியை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்று மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே சப்ஜெயிலில் வைத்திருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, கன்னத்தில் அடிபட்ட வீக்கம் வற்றாமல் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அப்பா, அவுங்க வயலு பூரா மொளச்சுப் போச்சு. ஒரு நெல்லு மணி வீடு போய்ச் சேராது. நல்லா வேணும்."

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வயலு?"

"வாய்க்காலுக்கு மேக்க இருக்குமே, அந்தப் பெரிய வயலு."

"பூராவுமா?"

"பூராவுந்தான்."

அவருக்கு வாய் கோணிக்கொண்டது. அடி வாங்கியபோதுகூட அழாத மனிதர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அன்று என் முன்னால், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் முன்னால், குழந்தை மாதிரி அழுதார்.

"அது ஒங்கம்மா நட்ட வயலுடா," என்றார்.

மலர் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினாள். அவளால் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை.